ஏழு லிட்டர்

மதினி முத்துப்பேச்சியின் போன் வந்தபோது பிரபு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பீரைப் பிடித்து, கொட்டகை வாசலில் நின்று வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு நாள் குளிரில் கிடந்தும் பீர் இன்னும் லேசாகக் கலங்கித்தான் இருந்தது. ஒரு வாய் குடித்தான். நாக்கின் ஓரத்தில் காய் ஆப்பிளைக் கடித்த மாதிரி ஒரு துவர்ப்பு மிச்சமிருந்தது. இன்னும் பத்து நாள் போனால் அதுவும் அடங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டே போனை எடுத்தான்.

"தம்பி, பஸ் ஸ்டாண்டுல இறங்கிட்டோம். ஆட்டோ பிடிச்சு வாரோம்."

"வெள்ளிக்கிழமைன்னுல்ல சொன்னீங்க மதினி?"

"உங்கண்ணன்தான் இன்னைக்கே கிளம்புவோம்னாரு. நேத்து ஊர்ல ஒரு காதுகுத்து. பழைய கூட்டாளிங்க ரெண்டு பேரு வீட்டு வாசல்லயே வந்து நின்னுட்டானுங்க. அதான்."

பிரபு டம்ளரில் இருந்ததைச் சுவரோரம் ஊற்றினான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து தாடிக்கொம்பு ரோட்டில் அவன் வீட்டுக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். பீர் பிடித்த குழாயை எவர்சில்வர் பீப்பாயின் தலையில் மாட்டியபடியே விட்டு, சுருட்டி, பீப்பாய் நின்ற ஐஸ்கிரீம் பெட்டிக்குள் திணித்தான். மூடியைச் சாத்தினான். குழாயின் முனை மூடியில் இடிக்கவே, மறுபடி திறந்து ஒரு அழுத்து அழுத்திச் சாத்திப் பூட்டினான். மேலே ஒரு பழைய போர்வையை விரித்து, அதன்மேல் இரண்டு ஃப்ரிட்ஜ் கதவுகளைச் சாய்த்து வைத்தான். பழுதுக்கு வந்த ஏழெட்டு ஃப்ரிட்ஜுகளுக்கு நடுவே அதுவும் ஒரு ஓட்டைப் பெட்டியாகத் தெரிந்தது.

பிரபுவுக்கு ஃப்ரிட்ஜ், ஏசி பழுது பார்க்கிற தொழில். முன்பக்கம் கடை, நடுவில் வீடு, பின்னால் கொட்டகை. இங்கே கடை போடுவதற்கு முன் எட்டு வருடம் பெங்களூரில் இருந்தான். பீரை அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கிற பெரிய ஓட்டல்களின் குளிர் அறைகளையும் கேஸ் குழாய்களையும் பார்த்துக்கொள்ளும் கம்பெனியில் வேலை. காய்ச்சுகிறவர்களின் பக்கத்தில் நின்று நின்று அந்த வேலையும் கைக்கு வந்துவிட்டது. ஊர் திரும்பும்போது, கெக் என்று அவர்கள் சொல்லும் பத்தொன்பது லிட்டர் பீப்பாய்கள் இரண்டைப் பழைய விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தான். மூடிப்போன ஒரு பேக்கரியின் ஐஸ்கிரீம் பெட்டியில் அவற்றை நிற்க வைத்தான்.

வருடத்துக்கு இரண்டு தடவைதான் காய்ச்சுவான். விற்பதில்லை. தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம் என்பது தெரிந்தே செய்தான். நண்பன் சார்லஸையும் மனைவி சுகன்யாவையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. தனியார் பள்ளியில் டீச்சராக இருந்த சுகன்யாவுக்கு அது தொண்டையில் மாட்டிய முள்தான். "போலீஸ் வந்தா பேப்பர்ல உங்க போட்டோவோட என் ஸ்கூல் பேரும் சேந்து வரும்" என்பாள். ஆனாலும் புருஷன் வெளியே போய்க் குடிக்கிறவன் இல்லை, இரண்டு டம்ளரோடு எழுந்துவிடுகிறவன் என்பதால் விட்டுவிட்டாள்.

உண்மையில் அவனுக்குக் குடிப்பதைவிடக் காத்திருப்பதுதான் பிடித்திருந்தது. நுரைத்து அடங்கிய பீரை பீப்பாய்க்கு மாற்றி, உள்ளே காற்று துளியும் இல்லாமல் கேஸை விட்டு விரட்டி, மூன்று டிகிரியில் நிறுத்திவிட்டால் அதன்பின் மனிதனுக்கு வேலை இல்லை. முதல் வாரம் முரடாக இருப்பது மூன்றாவது வாரத்தில் தானாகச் சாந்தமாகும். ஈஸ்ட் அடியில் படியும். கேஸ் மெல்ல மெல்லக் கரையும். அவசரப்பட்டால் எல்லாம் கெடும்.

அண்ணன் அழகுராஜாவுக்கு இரண்டு டம்ளரோடு எழுந்திருக்கத் தெரியாது. நிலக்கோட்டையிலிருந்து மல்லிகைப்பூ மூட்டைகளை மதுரைக்கு வேனில் கொண்டுபோகிற டிரைவர் அவன். விடிவதற்கு முன்னால் பூவை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் ஏழு மணிக்குள் இறக்கிவிடுவான். அப்படி ஒரு நேரம் இருந்தது. பிறகு காலையிலேயே குடித்துவிட்டு வேனைப் பள்ளத்தில் இறக்கினான். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேலை போனது. மறுவாழ்வு மையத்தில் நாற்பத்தைந்து நாள் இருந்தான். வெளியே வந்து மூன்று மாதமாகக் குடிக்கவில்லை. ஊரில் இருந்தால் விடமாட்டார்கள், ஒரு ரெண்டு மாதம் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள் தம்பி என்று முத்துப்பேச்சி கேட்டபோது பிரபு யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டான். கொட்டகையில் இருப்பதை அவளிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு பீப்பாயையும் சார்லஸ் வீட்டுக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்திருந்தான். சார்லஸின் நாற்பதாவது பிறந்தநாளுக்காகக் காய்ச்சியதுதான் அது.

சுகன்யா அன்று சாயங்காலம் அடுப்படியில் வைத்துக் கேட்டாள். "அத என்ன பண்ணப் போறீங்க?"

"இப்ப எடுத்தா தெரிஞ்சிரும். ஆட்டினா அடியில இருக்குற மண்டியெல்லாம் கலங்கிரும். சார்லஸ் பிறந்தநாளுக்கு முந்துன நாள் அண்ணனை எங்கயாச்சும் வேலைக்கு அனுப்பிட்டு எடுத்துர்றேன்."

"அதுவரைக்கும்?"

"பூட்டித்தான இருக்கு."

அவள் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

முத்துப்பேச்சி அன்றே ஊருக்குத் திரும்பிவிட்டாள். அழகுராஜா மறுநாளே வேலையில் இறங்கினான். காலையில் கடையைத் திறந்து கூட்டி, வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு உட்கார்ந்திருப்பான். பிரபு சாவிக்கொத்தையே அவன் கையில் கொடுத்துவிட்டான். பெட்டியின் சாவியும் அதே கொத்தில்தான் இருந்தது. அதை மட்டும் கழற்றினால் என்ன சாவி என்று கேட்பானோ என்று பயந்து அப்படியே விட்டான். பூ மூட்டை தூக்கிய கை அல்லவா, ஃப்ரிட்ஜுகளை ஆட்டோவில் ஏற்றி இறக்குவது அழகுராஜாவுக்குச் சுலபமாக வந்தது. வாடிக்கையாளர்களோடு நன்றாகப் பேசினான். மத்தியானம் சாப்பிட்டதும் மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் அடித்துப் போட்டாற்போல் தூங்குவான். எழும்போது கண் சிவந்திருக்கும். பிரபுவின் பத்து வயது மகள் ஹரிணிக்குப் பெரியப்பாவை ரொம்பப் பிடித்துப்போனது. சாயங்காலம் அவளை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு ரோட்டு முனைவரை போய் வருவான்.

இரண்டு விஷயங்கள் பிரபுவுக்கு உறுத்தின. கொட்டகையை ஒட்டிய அறையில் பாய் போட்டுக் கொடுத்ததை அண்ணன் வேண்டாம் என்றுவிட்டு முன்கூடத்தில் படுத்தான். "அங்க புழுக்கமா இருக்குடா" என்றான். அங்கேதான் காற்று வரும். இன்னொரு நாள் காலையில் பிரபு பல் தேய்த்துக்கொண்டு பின்பக்கம் வந்தபோது, கொட்டகைச் சுவரின் வெளிப்பக்கம் அழகுராஜா தனியாக நின்றுகொண்டிருந்தான். என்ன அண்ணே என்றதற்கு, "சும்மாதான்" என்று தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

பத்து நாளும் பிரபு பெட்டியைத் திறக்கவே இல்லை. திறந்தால் வாசம் பரவும்.

சனிக்கிழமை வந்தது. மறுநாள் பிறந்தநாள். ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறிக் கடையின் ஃப்ரிட்ஜை இறக்கிவிட்டு வரச்சொல்லி அழகுராஜாவை ஆட்டோவில் அனுப்பினான். சார்லஸ் பதினோரு மணிக்கு வண்டி அனுப்புவதாகச் சொல்லியிருந்தான். போர்வையை விலக்கிப் பூட்டைத் திறந்ததும் குப்பென்று பீர் வாசம் முகத்தில் அடித்தது. யாரோ ஊற்றிக் குடித்த வாசம். கேஸ் குழாயையும் பீர்க் குழாயையும் பிடுங்கிவிட்டு முதல் பீப்பாயைத் தூக்கினான். கனமாக வந்தது. இரண்டாவதைத் தூக்கியபோது கை எதிர்பார்த்த கனம் இல்லாமல் உடம்பே பின்னால் சாய்ந்தது.

கேஸ் உருளைகளை எடை போடும் தராசு கடையில் இருந்தது. அதில் வைத்தான். நிறைத்த அன்று இருபத்து மூன்று கிலோ. இப்போது பதினாறு. மறுபடி இறக்கி வைத்துப் பார்த்தான். பதினாறுதான். ஏழு லிட்டர் இல்லை.

பீப்பாய்களுக்குக் கேஸ் கொடுக்கும் உருளையின் முள்ளைப் பார்த்தான். அழுத்தம் வைத்த இடத்திலேயே நின்றது. கசிவு இருந்தால் முள் இறங்கியிருக்கும் என்று அவன் மனம் உடனே சொன்னது. பத்து நாள். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். மத்தியானத் தூக்கம், சிவந்த கண், சாவிக்கொத்து, சுவர்ப்பக்கம் தனியாக நின்றது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தன.

அழகுராஜா பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தான். பிரபு கொட்டகையில் பீப்பாயைத் தராசின்மேல் வைத்தபடியே நின்றிருந்தான். அழகுராஜா வாசலில் நின்றான். பீப்பாயைப் பார்த்தான். ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை. அதுதான் பிரபுவை இன்னும் எரிய வைத்தது.

"இது என்னன்னு தெரியுமாண்ணே?"

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"வந்த அன்னைக்கே."

"ஏழு லிட்டரைக் காணோம்."

அழகுராஜா தராசைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான். "நான் தொடலடா" என்றான்.

"சாவி உங்கிட்ட இருந்துச்சு. எனக்கும் உனக்கும் தவிர வேற யாருக்கும் இங்க வேலையில்ல. சுகன்யா குடிச்சாளா? ஹரிணி குடிச்சாளா?"

"நான் தொடல."

"அஞ்சு மாசமா எல்லாரையும் இப்படித்தான் ஏமாத்திக்கிட்டு இருக்கியா? மதினி பாவம், கோயில் கோயிலா விளக்குப் போட்டுக்கிட்டுக் கெடக்கு."

சத்தம் கேட்டு சுகன்யா ஓடி வந்தாள். ஹரிணியைக் கையால் பின்னுக்குத் தள்ளினாள். அழகுராஜா அவர்களைப் பார்க்கவில்லை. தம்பிக்குப் பக்கத்தில் வந்தான். ஒரு முழம் இடைவெளியில் நின்று வாயைத் திறந்தான்.

"மோந்து பாரு" என்றான். "வாய மோந்து பாருடா. காலைல இருந்து டீயும் ரெண்டு இட்லியும். மோந்து பாத்துட்டு அப்புறம் சொல்லு."

பிரபு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அழகுராஜா கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு வாயை மூடிக்கொண்டான். முன்கூடத்துக்குப் போய்ப் பையில் இரண்டு வேட்டியையும் மாத்திரை டப்பாவையும் எடுத்து வைத்தான். சுகன்யா பின்னாலேயே போய், "மச்சான், அவரு கோவத்துல பேசுறாரு. செத்த நேரம் உக்காருங்க. சாப்டுட்டுப் பேசலாம்" என்றாள். "இல்ல தாயி" என்றான். சாவிக்கொத்தைக் கடை மேசைமேல் வைத்துவிட்டு ரோட்டுக்கு இறங்கிவிட்டான்.

சார்லஸ் அனுப்பிய வண்டி தாமதமாக ஒரு மணிக்குத்தான் வந்தது. பிரபு அதைத் திருப்பி அனுப்பினான். சார்லஸ் போனில் கத்தினான். இருபது பேரைக் கூப்பிட்டிருக்கிறேன், இப்போது இல்லை என்றால் என்ன அர்த்தம் என்றான். அப்புறம் சொல்கிறேன் என்று பிரபு போனை வைத்தான்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். துணி எடுக்கப் பின்பக்கம் போன சுகன்யா அங்கிருந்தே கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வாங்களேன். என்ன இம்புட்டு எறும்பு?"

ஐஸ்கிரீம் பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை உண்டு. குளிரில் சேரும் ஈரம் உள்ளே தேங்காமல் இருக்க, அதில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, சுவரில் துளை போட்டு வெளியே விட்டிருந்தான் பிரபு. அந்தக் குழாயின் வாயில் கறுப்பாக எறும்பு மொய்த்துக் கிடந்தது. கீழே மண் ஒரு பாய் அகலத்துக்கு ஈரமாகி, மேலே பழுப்பு நிறத்தில் ஆடை கட்டியிருந்தது. குனிந்து ஒரு விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனான்.

அண்ணன் நின்ற இடம் அதுதான்.

உள்ளே ஓடினான். பீப்பாயின் தலையில் பீர்க் குழாய் மாட்டும் இடத்தில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். அது ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. அன்றைக்கு அவசரத்தில் குழாயை அழுத்தியபோது இணைப்பு கோணலாகி வளையத்தைக் கடித்திருக்கிறது. பத்து நாளும் அங்கிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்து, பீப்பாயின் வெளிப்பக்கமாக ஓடி, ஓட்டை வழியாக மண்ணில் இறங்கியிருக்கிறது. போன பீரின் இடத்தை உருளையிலிருந்து கேஸ் நிரப்பிக்கொண்டே இருந்ததால் முள் அசையவில்லை. உருளையை ஒரு தடவை தராசில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். சோப்பு நுரையை ஒரு கை தடவியிருந்தால் தெரிந்திருக்கும். திண்டுக்கல் டவுனில் எத்தனையோ வீட்டில், கடையில் கசிவைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் அவன். அதுதான் அவனுடைய சோறு.

சுகன்யா வாசலில் நின்று அவன் முகத்தைப் பார்த்தாள். "போன் பண்ணுங்க" என்றாள்.

அண்ணனின் போன் அணைந்திருந்தது. முத்துப்பேச்சிக்குப் போட்டான்.

"இங்க வரலையே தம்பி. என்ன ஆச்சு?"

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. சொன்னான். வளையம் வெட்டுப்பட்டதைச் சொன்னான், அண்ணன் தொடவில்லை என்பதை இரண்டு மூன்று தடவை சொன்னான்.

"உங்க வீட்டுல சரக்கு இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"பீருதான் மதினி. பூட்டித்தான்..."

"அவரை உங்ககிட்ட விட்டுட்டு வந்தப்ப இருந்துச்சா?"

"இருந்துச்சு."

போனை வைத்துவிட்டாள்.

அன்று இரவு எட்டு மணிவரை பிரபு பைக்கில் சுற்றினான். பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம், மார்க்கெட் பக்கமிருந்த மதுக்கடைகள். நிலக்கோட்டையில் அண்ணன் முன்பு வேலை பார்த்த பூக்கடைக்காரருக்குப் போன் செய்து கேட்டான். அங்கும் வரவில்லை. மறுநாள் காலை பத்தரைக்கு அந்தக் கடைக்காரரே கூப்பிட்டார். பூ இறக்கிவிட்டுத் திரும்பிய டிரைவர் ஒருவன் கொடைரோடு ஸ்டேஷனில் அழகுராஜாவைப் பார்த்தானாம்.

கொடைரோடு பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் அழகுராஜா உட்கார்ந்திருந்தான். சட்டையில் மண். ஒரு காலில் செருப்பு இல்லை. பையைக் காணோம். பக்கத்தில் உட்கார்ந்ததுமே பிரபுவுக்குத் தெரிந்துவிட்டது. இப்போது மோந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

"அண்ணே."

அழகுராஜா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்தபடியே பேசினான். நாக்கு குழறியது.

"நேத்து மத்தியானம் வரைக்கும் குடிக்கல. அத மட்டும் நம்பு."

"தெரியும்ணே. கசிஞ்சிருக்கு. நான்தான் குழாயை ஒழுங்கா மாட்டல. எறும்பு மொச்சிருக்கு, நான் பாக்கல."

"கசிஞ்சிருச்சா." அழகுராஜா தலையை ஆட்டினான். "அதான் அந்த வாசம். எங்க இருந்து வருதுன்னு ஒரு நாளு தேடிப் போனேன். சுவத்துக்கிட்ட நின்னேன். அம்புட்டு நேரம் நின்னேன். அப்புறம் நீ வந்துட்ட."

"ஏண்ணே எங்கிட்டச் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? உன் வீட்டுல நீ வச்சிருக்க. எடுத்துரு, எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லவா?" மூச்சு வாங்கினான். "சொல்லியிருக்கலாம். மையத்துல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. கூச்சமா இருந்துச்சு. தம்பி வீட்டுல போயி நின்னுக்கிட்டு அதச் சொல்ல."

மதுரை போகிற பாசஞ்சர் வந்து நின்று கிளம்பியது.

"நூத்தி நாப்பத்தாறு நாளு" என்றான் அழகுராஜா. "நீ நம்பாதது கூடப் பரவால்லடா. நானே என்னை நம்ப மாட்டேன். முகத்தைத் திருப்பிக்கிட்ட பாரு."

பிரபு அவன் முழங்கையைப் பிடித்தான். அழகுராஜா விலக்கவில்லை. எழுந்து நிற்க முடியாமல் தம்பியின் தோளில் முழுக் கனத்தையும் போட்டான். "நீ குடிக்க வைக்கல" என்றான், படியிறங்கும்போது. "கடைக்கு நானேதான் நடந்து போனேன். அதுக்கும் பழிய நீ வாங்கிக்காத. எனக்கு ஒண்ணும் மிச்சமில்லாமப் போயிரும்."

மறுவாழ்வு மையத்தில் மறுபடி சேர்த்தபோது முத்துப்பேச்சி வந்திருந்தாள். படிவத்தில் கையெழுத்துப் போட்டாள், மாத்திரைச் சீட்டை வாங்கிப் பையில் மடித்து வைத்தாள். பிரபு கொடுத்த தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொள்ளவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நீங்க வச்சிருந்தது தப்புன்னு நான் சொல்லல தம்பி. அது உங்க வீடு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரை வேற எங்கயாச்சும் விட்டிருப்பேன். உங்கள நம்பி ராத்திரி தூங்குனேன்."

"மன்னிச்சிருங்க மதினி."

"அதையெல்லாம் இப்பப் பேச வேணாம்."

பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள்.

திங்கட்கிழமை கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து பிரபு இரண்டு பீப்பாயையும் கொட்டகைக்கு வெளியே தூக்கி வைத்தான். கசியாத பீப்பாயிலிருந்து பழக்கத்தில் ஒரு டம்ளர் பிடித்துவிட்டான். பீர் பளிங்காக இருந்தது. டம்ளருக்கு அந்தப் பக்கம் வைத்த விரல் தெளிவாகத் தெரிந்தது. இத்தனை வருடத்தில் இவ்வளவு சுத்தமாக ஒன்று அவன் கையில் வந்ததில்லை. டம்ளரைச் சாக்கடையில் கவிழ்த்தான். இரண்டு பீப்பாயையும் திறந்து ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பிடித்தான். நுரை பொங்கி ஓடி அடங்க வெகு நேரமானது.

சுகன்யா துணிக்கொடிக்கு அந்தப் பக்கம் நின்றாள். "இதக் கொட்டுனா எல்லாம் சரியாயிருமா?"

"ஆகாது."

"பின்ன?"

"வச்சிருந்து என்ன பண்ண?"

அவளும் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து சாக்கடையில் ஊற்றினாள். தெருவுக்கு வாசம் போய்விடுமே என்ற பயம் அவளுக்கு. பீப்பாய்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். விற்றுவிடலாமா, இனி எப்போதாவது காய்ச்சுவானா என்றெல்லாம் அவனுக்கு அப்போது தெரியவில்லை. சார்லஸ் அதன்பிறகு இரண்டு வாரம் பேசவில்லை. உண்மையைச் சொன்னபிறகு ஒரு நாள் கடைக்கு வந்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். ஹரிணி மட்டும் பெரியப்பா எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மையத்தில் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிமுதல் பன்னிரண்டு மணிவரை பார்க்க விடுவார்கள். முதல் ஞாயிறு பிரபு போனபோது, பார்க்க விருப்பமில்லை என்று சொல்லச் சொன்னார் என்று வாசலில் இருந்த பணியாளர் சொன்னார். பன்னிரண்டு மணிவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான். இரண்டாவது ஞாயிறும் அதே பதில்தான். சுகன்யா, "இந்த வாரம் போக வேணாமே, கொஞ்சம் விட்டுப் புடிங்க" என்றாள். மூன்றாவது ஞாயிறும் போனான்.

அழகுராஜா வெளியே வந்தான். முகம் சவரம் செய்து, உடம்பு இளைத்திருந்தது. எதிரே உட்கார்ந்து இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டான். கை நடுங்கவில்லை என்பதை பிரபு கவனித்தான்.

"ஹரிணி என்ன பண்றா?"

"பரீட்சை. உன்னக் கேட்டுக்கிட்டே இருக்கா."

"என்ன சொன்ன அவகிட்ட?"

"உடம்பு சரியில்லன்னு."

"அது சரிதான்." ஜன்னலைப் பார்த்தான். "முத்துப்பேச்சி உங்கிட்டப் பேசுறாளா?"

"இல்லண்ணே."

"பேசுவா. நாளாகும். நான் ரெண்டு வருசம் அவளப் பாடாப் படுத்துனப்பவே பேசிக்கிட்டு இருந்தவ."

பிரபு கேட்க நினைத்தது வேறு. அது வாய்க்கு வந்துவிட்டது. "நீ எங்கிட்டப் பேசுவியாண்ணே?"

"பேசிக்கிட்டுத்தான இருக்கேன்" என்றான் அழகுராஜா. கொஞ்சம் யோசித்தான். "ஆனா உன் வீட்டுக்கு வரமாட்டேன். இங்க இருந்து போனா ஊருக்குத்தான் போவேன். அந்தப் பயலுக வாசல்ல வந்து நின்னா நிக்கட்டும். நானா எந்திரிச்சுப் போயிக் கதவச் சாத்தணும். எந்த ஊருல இருந்தாலும் அது என் வேலை."

"கொட்டகையில இப்ப ஒண்ணுமில்லண்ணே. எல்லாத்தையும் கொட்டிட்டேன்."

"ஏன்? என் பேரச் சொல்லிக் கொட்டுனியா?"

பிரபு தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்படின்னா எனக்கு அதுவும் பாரம்டா" என்றான் அழகுராஜா. கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னான். எழுந்துகொண்டான். "அடுத்த வாரம் வராத. ஒரு நேரத்துல ஒரு ஆளத்தான் உள்ள விடுவாங்க, முத்துப்பேச்சி முழு நேரமும் உக்காந்து பேசட்டும். அதுக்கடுத்த வாரம் முடிஞ்சா வா."

பிரபு வாசலுக்கு வந்தபோது முத்துப்பேச்சி கையில் தூக்குவாளியோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் நடை ஒரு கணம் தயங்கியது. தாண்டிப் போய்விடுவாள் என்று நினைத்து அவன் ஒதுங்கி நின்றான்.

"சாப்டீங்களா தம்பி?" என்று கேட்டாள்.

பதிலுக்கு நிற்கவில்லை. பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வேகமாகப் போனாள்.